நல்லதா, கெட்டதா மேடம்?

எங்கள் ஆய்வகக் கவுன்டருக்கு நோயாளிகள் வருவதில்லை. அவர்களுடைய தம்பியோ, கணவரோ, அப்பாவோ வருவார்கள். கையில் ஒரு தெர்மோகோல் பெட்டி இருக்கும். அதற்குள் ஜெல் பாக்கெட்டுகளுக்கு நடுவே பச்சை மூடி போட்ட சிறிய டியூப். அதில் இரண்டு மூன்று மில்லி எலும்பு மஜ்ஜை. ஓசூரிலிருந்தோ கடலூரிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வந்திருப்பார்கள். சாம்பிள் கொடுக்கும் அன்று “ரிசல்ட் எப்ப மேடம் வரும்?” என்பதோடு சரி. ரிப்போர்ட் வாங்க வரும் நாளில்தான் அடுத்த கேள்வி வரும். கவரைப் பிரித்து, எண்களும் எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாக ஒரே ஒரு வரி இருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். “நல்லதா, கெட்டதா மேடம்?”

“டாக்டர்கிட்ட காட்டுங்க தம்பி, அவர் விவரமாச் சொல்வார்” என்றுதான் என்னால் சொல்ல முடியும். நோயாளியை நேரில் பார்க்காதவள், அவர் வயதையும் உடல்நிலையையும் அறியாதவள், அதற்கு மேல் சொல்வது தவறு. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. கவுன்டரில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ரத்தப் புற்றுநோயாளிகளின் குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, எது உடைந்திருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று எழுதித் தருவது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். அப்போது நான் டைப் செய்து கொடுத்த சில வரிகள் அந்தந்தக் குடும்பத்தின் தலையில் இடியாக விழுந்தன. அதே வரியை, ஓர் எழுத்துக்கூட மாறாமல், இப்போதும் டைப் செய்கிறேன். இப்போது அதைப் படிக்கும் டாக்டர் நிம்மதியாக மூச்சு விடுகிறார். இடையில் குரோமோசோம் மாறவில்லை, மருந்து வந்துவிட்டது. நோய் எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் எந்த ரிப்போர்ட்டையும் அது எழுதப்பட்ட ஆண்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நான் இந்தக் கட்டுரையில் சொல்லவருவது இதைத்தான்.

அந்த ஒரு வரி எப்படிக் கிடைக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் உடலின் செல்களில் 23 ஜோடியாக 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இந்த எண்ணையே 1956-இல்தான் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் சரியாக எண்ணிச் சொன்னார்கள். அதுவரை பாடப்புத்தகங்களில் 48 என்றே இருந்தது. செல் சும்மா இருக்கும்போது குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியாது. அது இரண்டாகப் பிரியும் கொஞ்ச நேரத்தில் மட்டும் சுருண்டு, தடித்து, சின்னச் சின்னக் கோல்களாகக் கண்ணுக்குப் புலப்படும். பிரிந்து முடிவதற்குள் செல்லை அந்த நிலையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும்.

நிறுத்தி வைக்கும் பொருளுக்கு நம் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கொடி ஏற்றிப் பயிர் செய்கிறார்களே, அதுதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அதன் விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்ணிய இழைகளை உருவாக விடாமல் அது தடுத்துவிடும். நாங்கள் பயன்படுத்துவது அதற்கு நெருங்கிய உறவான கால்செமிட். மஜ்ஜையை 37 டிகிரி சூட்டில் ஒரு நாளோ இரண்டு நாளோ வளர்த்த பிறகு அதில் கொஞ்சம் சேர்த்தால் போதும், பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் அப்படியே நின்றுவிடும்.

அப்புறம் உப்புக் குறைந்த கரைசலில் செல்களை உப்ப வைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3-க்கு 1 கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, கண்ணாடி ஸ்லைடில் சொட்டுவோம். சொட்டு விரிந்து காயும்போது குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவ வேண்டும். காற்றிலுள்ள ஈரத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சென்னையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஸ்லைடு காயும் வேகமே வேறு. கடைசியில் ட்ரிப்சினும் கீம்சா சாயமும். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் எழும்பி வரும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அதற்கே உரிய பட்டை வரிசை உண்டு. அதை வைத்துத்தான் இது 9, இது 22 என்று அடையாளம் காண்கிறோம்.

இருபது செல்களை இப்படிப் பார்த்து அலசுவது வழக்கம். ஒரே மாற்றம் குறைந்தது 2 செல்களில் இருக்க வேண்டும். ஒரு குரோமோசோம் காணவில்லை என்று சொல்வதானால் 3 செல்களில் காணாமல் போயிருக்க வேண்டும். அப்போதுதான் அது தற்செயல் இல்லை, நோயுற்ற செல்லின் வழித்தோன்றல்கள் என்று எழுதுவோம். லுக்கீமியா செல்லின் குரோமோசோம்கள் நல்ல ரத்தத்தில் பார்ப்பதுபோல் அழகாக இருப்பதில்லை. குட்டையாக, விளிம்பு மங்கி, பஞ்சு பிரிந்ததுபோல் இருக்கும். நான் சேர்ந்த புதிதில் ஃபிலிமில் படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, பிரின்ட் போட்டு, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி அட்டையில் ஜோடி ஜோடியாக ஒட்டினோம். இப்போது அதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது. ஆனால் இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அந்தக் கத்தரிக்கோலில்தான் பிறந்தது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1960-இல் பீட்டர் நவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா நோயாளிகளின் செல்களில் வழக்கத்துக்கு மாறான ஒரு குட்டிக் குரோமோசோம் இருப்பதைக் கண்டார்கள். நவல் தன் ஸ்லைடுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசியதால் செல்கள் உப்பிக் குரோமோசோம்கள் விரிந்தன என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த கதை. ஒரு புற்றுநோய்க்கும் ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் குட்டிக்கு ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்ற ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. ஏதோ ஒரு துண்டு அறுந்து போய்விட்டது என்றே அப்போது நினைத்தார்கள். பட்டைகளைக் காட்டும் சாயம் அன்று இல்லை.

பட்டைச் சாயம் வந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரவுளி அந்தத் துண்டைத் தேடினார். நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். பல ஆண்டுகள் பகுதி நேரமாகவே வேலை பார்த்தவர். குரோமோசோம் படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பி வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேஜையில்தான் 22-இல் குறைந்த துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருப்பதை அவர் கண்டுகொண்டார். இரண்டு ரயில்கள் ஒரு ஜங்ஷனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது அவற்றின் கடைசிப் பெட்டிகளை மாற்றிக் கோத்துவிட்டால் எப்படியோ அப்படி. 1973-இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானபோது, குரோமோசோம் மாற்றம் புற்றுநோயின் விளைவுதான், காரணம் ஆகாது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். ரவுளி விடவில்லை. 8-உம் 21-உம் இடம் மாறும் ஒரு லுக்கீமியாவையும், 15-உம் 17-உம் இடம் மாறும் இன்னொன்றையும் அவர்தான் கண்டறிந்தார். வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஆராய்ச்சி செய்யும் எத்தனையோ பெண்களை நான் அறிவேன். அவர்களிடமெல்லாம் ரவுளியின் பெயரைச் சொல்லாமல் இருந்ததில்லை.

இடம் மாறியதால் என்ன கெட்டது? 9-இல் ஏபிஎல் என்ற ஜீன் இருக்கிறது. செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு நொதியை அது உண்டாக்கும். தேவைப்படும்போது மட்டும் கட்டளையிடும். 22-இல் உள்ள பிசிஆர் என்ற ஜீனோடு அது ஒட்டிக்கொண்டதும் இரண்டும் சேர்ந்த புதுப் புரதம் ஓயாமல் ‘பெருகு, பெருகு’ என்று கட்டளையிடத் தொடங்கிவிடும். ஒரே ஒரு மஜ்ஜை செல்லில் நடந்த தவறுதான். அந்த ஒரு செல்லின் வாரிசுகள் மஜ்ஜை முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

நான் சேர்ந்த காலத்தில் ‘9, 22 இடமாற்றம்’ என்று டைப் செய்தால், நோயாளிக்குச் சில ஆண்டுகள் ஓரளவு நன்றாகப் போகும், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் நோய் சீறிக் கிளம்பும், பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்று பொருள். தப்பிக்கப் பொருத்தமான அண்ணனோ தங்கையோ இருந்து மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டால் உண்டு. நம் நாட்டில் இந்த நோய் முப்பது நாற்பது வயதுக்காரர்களையே அதிகம் பிடிக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்.

பிரையன் ட்ரக்கர் என்ற அமெரிக்க மருத்துவர், அந்தப் புரதத்தின் வாயை மட்டும் அடைக்கும் இமாட்டினிப் மாத்திரையை 1998-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்தம் முழுதாகச் சீரடைந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் அந்த மாத்திரையில் தொடங்கியவர்களில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். எங்கள் துறையில் இப்படியோர் எண்ணை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

மருந்து வந்தால் போதுமா, கைக்கு எட்ட வேண்டுமே. கம்பெனி மாத்திரைக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து மாதம் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இமாட்டினிப்பின் குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் கொடுத்த விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் கூடுதல் பலன் இருந்தால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்ற இந்தியச் சட்டத்தின் 3(ஈ) பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அந்நிறுவனம் தன் உதவித் திட்டத்தில் பல நோயாளிகளுக்கு மாத்திரையை இலவசமாகக் கொடுத்துவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆனாலும் மருந்துக்கடையில் பணம் கொடுத்து வாங்கிச் சாப்பிட்டு இன்று வயலிலும் கடையிலும் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையில் சென்னையில் எழுதப்பட்ட அந்த உத்தரவுக்குப் பங்கு உண்டு. என் ரிப்போர்ட்டின் அர்த்தத்தை மாற்றியதில் விஞ்ஞானிகளுக்கு எவ்வளவு பங்கோ, விலைக்கும் அவ்வளவு பங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைவிடப் பெரிய தலைகீழ் மாற்றம் 15, 17 இடமாற்றத்தில் நடந்தது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. 1957-இல் நார்வே மருத்துவர் ஹில்லஸ்டாட் இதைத் தனி நோயாக விவரித்தபோது, லுக்கீமியாக்களிலேயே மிகக் கொடியது என்று எழுதினார். ஈறிலும் மூக்கிலும் தோலுக்கடியிலும் ரத்தம் கசியும், மூளையில் கசிந்தால் சில நாட்களில் முடிந்துவிடும். ஷாங்காயில் வாங் சென்யீ என்ற மருத்துவர், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஏட்ரா என்ற மாத்திரையைக் கொடுத்தார். 1988-இல் அவர் குழு வெளியிட்ட 24 நோயாளிகளில் 23 பேருக்கு அந்த மாத்திரை மட்டுமே நோயை அடக்கியது. அந்த மருந்து கெட்ட செல்லைக் கொல்லவில்லை. பாதியில் நின்றுபோன அதன் வளர்ச்சியைத் தொடர வைத்து, முதிர்ந்து தானாக மடியச் செய்தது. சீனாவின் ஹார்பின் நகரிலிருந்து இன்னொரு மருந்து வந்தது: ஆர்சனிக். ஆம், பாஷாணம்தான்.

இதில் வேலூர் சி.எம்.சி.க்கு ஒரு தனி இடம் உண்டு. வசதி குறைந்த நாட்டில் விலை உயர்ந்த கூட்டு சிகிச்சை எல்லோருக்கும் எட்டாது என்பதால், ஆர்சனிக் ட்ரையாக்சைடு ஒன்றை மட்டும் கொண்டு சிகிச்சை செய்து பார்த்தார்கள் விக்ரம் மேத்யூஸும் அவருடைய குழுவினரும். 72 நோயாளிகள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியது; ஐந்து ஆண்டுகளில் 74 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். உலகம் அதைக் கவனித்தது. 2013-இல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ லோ கோகோ குழு, நோயின் தீவிரம் அதிகமில்லாதவர்களுக்கு ஏட்ராவும் ஆர்சனிக்கும் மட்டும் கொடுத்து, வழக்கமான கீமோவே இல்லாமல், இரண்டு ஆண்டுகளில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருப்பதைக் காட்டியது. கொடியவற்றிலும் கொடியது, இப்போது அக்யூட் லுக்கீமியாக்களில் மிக நன்றாகக் குணமாகும் வகை.

ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் சில நாள் ரத்தக் கசிவு இன்றும் உயிரைக் குடிக்கிறது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் இந்த நோய் என்று சந்தேகம் வந்த நிமிடமே, எங்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஏட்ராவைத் தொடங்குகிறார்கள். இந்த ஒரு நோயில் எங்களுக்கு இரவு பகல் கிடையாது. 15, 17 சந்தேகம் என்று சீட்டில் எழுதியிருந்தால் முழுக் குரோமோசோம் பரிசோதனையை அதன் போக்கில் வளரவிட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையை உடனே செய்துவிடுவோம். ஃபிஷ்ஷுக்குச் செல் பிரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எதைத் தேடுகிறோமோ அது மட்டும்தான் அதில் தெரியும், தேடாதது தெரியாது. இரண்டு பரிசோதனையும் எதற்கு, ஒன்றே போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த நோயையும் சேர்த்து, அக்யூட் மைலாய்டு லுக்கீமியாக்களில் குரோமோசோமைப் பார்த்து நோயாளிகளை மூன்றாகப் பிரிப்பார்கள். பிரிட்டனில் 55 வயது வரையிலான 1,612 பேரை வைத்து 1998-இல் வெளியான ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 8, 21 இடமாற்றம், 16-ஆம் குரோமோசோம் தலைகீழாகத் திரும்பியது, 15, 17 ஆகியவை இருந்தவர்களில் 65 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தார்கள். 5-ஓ 7-ஓ காணாமல் போனவர்கள், ஒரே செல்லில் பல உடைசல்கள் இருந்தவர்கள் போன்றோரில் 14 சதவீதம். நடுவில் 41. குடும்பத்தினர் இன்டர்நெட்டில் தேடி முதலில் கண்டு கலங்குவது இதுபோன்ற எண்களைத்தான். ஆனால் அந்த ஆய்வின் நோயாளிகள் சிகிச்சை பெற்றது 1988 முதல் 1995 வரை. அன்று இல்லாத மருந்துகளும், பாதி மட்டுமே பொருந்தும் உறவினரிடமிருந்து செய்யும் மஜ்ஜை மாற்றும் இன்று இருக்கின்றன. பிரிவுகளின் வரிசை இன்னும் பெருமளவு பொருந்துகிறது, எண்கள் பழையவை.

வரிசை எதற்குப் பயன்படுகிறது என்றால், மஜ்ஜை மாற்று வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய. நல்ல பிரிவு என்றால் கீமோவோடு நிறுத்திக்கொள்ளலாம். மாற்று சிகிச்சையின் ஆபத்தை வீணாக ஏற்க வேண்டியதில்லை. மோசமான பிரிவு என்றால் நோய் முதலில் அடங்கியதுமே மாற்று சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், காத்திருந்தால் வாய்ப்புக் கைநழுவும். ஒரு குடும்பம் நிலத்தை விற்பதா வேண்டாமா என்பது வரை இந்த ஒரு வரியில் தொங்குகிறது. அதனால்தான் ‘எப்படியும் கீமோதானே கொடுக்கப்போறாங்க, இந்த டெஸ்ட் எதுக்கு’ என்று யாராவது பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் எல்லாம் இயல்பு என்று வந்தாலும் கதை முடிவதில்லை. இந்த நோய்க்காரர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் குரோமோசோம்கள் இயல்பாகவே தெரியும். மைக்ரோஸ்கோப்புக்கு எட்டாத சிறு ஜீன் பிழைகளை அவர்களுக்குத் தனியாகத் தேட வேண்டும்.

‘கெட்டது’ என்ற சொல்லை அவசரமாகச் சொல்லக்கூடாது என்பதற்கு 5-ஆம் குரோமோசோம் நல்ல சாட்சி. அதன் நீண்ட கையில் ஒரு துண்டு மட்டும் குறைந்து, வேறெந்தக் கோளாறும் இல்லாமல் இருந்தால், அது பெரும்பாலும் வயதான பெண்களுக்கு வரும் ஒருவகை ரத்தசோகை. பெல்ஜியத்தின் வான் டென் பெர்கே 1974-இல் விவரித்தது. மெதுவாகப் போகும். லெனாலிடோமைடு மாத்திரையில் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே நின்றுபோகிறது. அதே துண்டு, அதே இடத்தில், இன்னும் நாலைந்து உடைசல்களோடு சேர்ந்து குறைந்திருந்தால் அது மிகக் கடுமையான நோய். எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் ஒற்றை மாற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவில் பெற்றோர் அதிகம் பயப்படுவது எண்ணிக்கையைப் பார்த்து. 46-க்குப் பதில் 54, 56 என்று இருந்தால் ‘இவ்வளவு கூடுதலா!’ என்று கலங்குகிறார்கள். உண்மையில் 50-க்கு மேல் இருப்பது நல்ல செய்தி. கூடுதல் குரோமோசோம்கள் உள்ள அந்தச் செல்கள் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை அதிகமாக உள்ளே சேர்த்துக்கொள்கின்றன, எளிதில் சாகின்றன. 44-க்கும் குறைந்தால்தான் கவலை. குழந்தைகளிடம் ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் தெரிந்தால் ஒரு காலத்தில் ஆய்வக அறையே அமைதியாகிவிடும். கீமோவோடு இமாட்டினிப்பைச் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2009-இல் வெளியானது. மூன்றாண்டு நோய் திரும்பாமல் இருந்த குழந்தைகள், முன்பு 35 சதவீதம். அந்த ஆய்வில் 80. அதைப் படித்த நாளில் நான் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். பத்தாண்டு முன்னால் பிறந்துவிட்ட பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் டிபி53 என்ற காவல் ஜீன் இருக்கிறது. சேதமடைந்த செல்லைச் சாகச் சொல்வது அதன் வேலை. பெரும்பாலான கீமோ மருந்துகள் இந்தக் கட்டளையை நம்பித்தான் வேலை செய்கின்றன. அந்தத் துண்டு போய்விட்டால் மருந்து அடித்தும் செல் சாகாது. நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியாவில் ஜெர்மனியில் 325 பேரைப் பார்த்து 2000-இல் வெளியான ஆய்வில், 13-இல் மட்டும் துண்டு குறைந்தவர்களின் ஆயுள் நடுமதிப்பு 133 மாதங்கள். 17-இல் குறைந்தவர்களுக்கு 32 மாதங்கள். இப்ரூட்டினிப் போன்ற மாத்திரைகள் டிபி53-இன் உதவி இல்லாமலே செல்லைக் கொல்வதால் இந்த நோயில் இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கிறது. அக்யூட் மைலாய்டு லுக்கீமியாவில் அப்படி இல்லை. 17 போய், 5 போய், 7-உம் போன ஒரு செல்லைத் திரையில் பார்க்கும்போது இன்றும் என் கை தயங்குகிறது. அந்த நோயாளியின் டாக்டருக்குக் காகிதம் போய்ச் சேருவதற்கு முன்பே போன் செய்துவிடுகிறேன்.

கவுன்டரில் வரும் இன்னொரு கேள்விக்கு மட்டும் நான் டாக்டரிடம் அனுப்புவதில்லை, அங்கேயே பதில் சொல்லிவிடுவேன். ஏழு வயதுப் பையனின் ரிப்போர்ட்டை வாங்க வந்த ஒரு பெண், கவரைப் பிரிக்காமலே கேட்டாள்: “எங்க மாமியார் சொல்றாங்க, உங்க வம்சத்துலதான் யாருக்கோ இருந்திருக்கும்னு. அப்படியா மேடம்?”

“இல்லம்மா. இது உன் வழியா வரல, உன் வீட்டுக்காரர் வழியாவும் வரல. அவன் மஜ்ஜையில ஒரே ஒரு செல்லுல நடந்தது. உன் மாமியாரைக் கூட்டிட்டு வா, நான் சொல்றேன்.”

ரத்தப் புற்றுநோயில் நாங்கள் காணும் மாற்றங்கள் நோயுற்ற செல்களில் மட்டும் இருப்பவை. பிறவியில் வந்தவை அல்ல, பிள்ளைக்குப் போகிறவையும் அல்ல. சிகிச்சைக்குப் பிறகு மஜ்ஜை சுத்தமாகும்போது அவை மறைந்துவிடும். கதிர்வீச்சு, பென்சீன், வேறு புற்றுநோய்க்கு முன்பு எடுத்துக்கொண்ட சில கீமோ மருந்துகள் ஆகியவை காரணமாகலாம். பெரும்பாலும் எந்தக் காரணமும் பிடிபடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு லுக்கீமியா வாய்ப்புப் பல மடங்கு அதிகம் என்பதும், மிகச் சில குடும்பங்களில் பரம்பரைப் பிழை உண்டு என்பதும் விதிவிலக்குகள். அண்ணனுக்கு லுக்கீமியா என்பதற்காகத் தங்கையின் கல்யாணம் நின்றுபோவதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதற்கு எந்த ஆதாரமும் எந்த மைக்ரோஸ்கோப்பிலும் இல்லை.

குடும்பத்தினர் செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. மஜ்ஜை சாம்பிள், கீமோ தொடங்கும் முன் எடுக்கப்பட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் இதில் சேர்த்தி. உடம்பு வலிக்கும் காய்ச்சலுக்கும் யாரோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டை நான்கு நாள் சாப்பிட்டுவிட்டால், குழந்தைகளின் லுக்கீமியாவில் செல்கள் கலைந்து எங்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குரோமோசோம் பரிசோதனைக்கு ஹெப்பாரின் உள்ள பச்சை மூடி டியூப்தான். ஊதா மூடியில் வந்தால் செல் சரியாக வளராது. சாம்பிள் உறையவும் கூடாது, வெயிலில் கிடக்கவும் கூடாது. ஐஸ் கட்டியை டியூபோடு ஒட்டி வைக்காதீர்கள். எடுத்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளாவது ஆய்வகத்துக்கு வந்து சேரட்டும்.

ரிப்போர்ட்டின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண், அந்த மாற்றம் எத்தனை செல்களில் தெரிந்தது என்பதைச் சொல்கிறது. சிகிச்சைக்குப் பின் அது குறைகிறதா, மறைகிறதா என்று டாக்டர் பார்ப்பார். அதற்கு முதல் ரிப்போர்ட் அவசியம். எதை அளப்பது என்று தெரிந்தால்தானே அது குறைந்ததா என்று சொல்ல முடியும். பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்பினாலோ, வேறு ஊரில் வேறு டாக்டரிடம் காட்டினாலோ, அவர் முதலில் கேட்பது சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த அந்த முதல் குரோமோசோம் ரிப்போர்ட்டைத்தான். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்.